சாய்தளத்தின் மேல் முட்டைகள்

முட்டைக்காரர் கொஞ்சம் கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். ஒரே காலையில் சண்டை போட்டு முடித்திருக்கலாம். அவரோ தங்கமான மனிதர். பேருந்தில் யாருக்காவது தலை சுற்றினால் முதல் ஆளாகத் தண்ணீர் பாட்டிலை நீட்டுவார். என்னைத் தினமும் காலையில் தூக்கிப் பேருந்துக்குள் போட்டவரும் அவர்தான்.

எனக்கு இடுப்புக்குக் கீழே எதுவும் அசையாது. பிறந்ததிலிருந்தே அப்படி. இதைச் சொன்னால் பலர் ஏமாந்து போகிறார்கள். ஒரு லாரியாவது வந்து மோதியிருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள். பல் செட் செய்யும் கூடம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். பல் மருத்துவர்கள் எடுத்தனுப்பும் அச்சில் பிளாஸ்டர் ஊற்றி, அது இறுகியதும் மேலே இளஞ்சிவப்பு மெழுகு வைத்து, அதில் பல்லை ஒவ்வொன்றாக நடுவது என் வேலை. அதற்குக் கால் வேண்டியதில்லை. அங்கே போய்ச் சேருவதற்குத்தான் வேண்டியிருந்தது.

முன்பெல்லாம் அண்ணன் கொண்டுபோய் விடுவான். மெத்தைக் கடையின் சரக்கு வண்டியை ஓட்டிக்கொண்டிருந்தான். என்னைச் சக்கர நாற்காலியோடு பின்பக்கம் ஏற்றி, இரண்டு புறமும் மெத்தையை முட்டுக்கொடுத்து, கதவைச் சாத்திவிடுவான். "ராணி மாதிரி போற பாரு. குலுங்கக்கூட இல்ல" என்பான். உள்ளே இருட்டில் ராணி பிளாஸ்டிக் உறை வாசனையை முகர்ந்துகொண்டு போவாள். ஒருநாள் வழியில் ஒரு வீட்டில் மெத்தை இறக்க வேண்டியிருந்தது. அந்த வீட்டுக்காரர் ஆர்வம் தாங்காமல் தானே வந்து கதவைத் திறந்தார். உள்ளே நான்.

"இதை நாங்க கேக்கலையே" என்றார்.

பிறகு கடைக்காரர் அண்ணனை வெளியூர் லோடுக்கு மாற்றிவிட்டார். விடிவதற்கு முன்பே கிளம்பிவிடுவான். நான் வேலையை விட்டுவிட வேண்டியதுதான் என்று வீட்டில் பேசி முடித்திருந்த சமயத்தில் எங்கள் தடத்தில் ஒரு புதுப் பேருந்து வந்தது. தரை தாழ்ந்த பேருந்து. நடுக்கதவுக்கு உள்ளே ஒரு இரும்புப் பலகை மடிந்து கிடக்கும். கண்டக்டர் கொக்கியை இழுத்துப் புரட்டிப் போட்டால், அது நடைபாதை வரை சரிந்து நிற்கும். சாய்தளம்.

முதல் நாள் சக்கரத்தை நாலு தள்ளுத் தள்ளினேன், உள்ளே இருந்தேன். யாரும் என்னைத் தொடவில்லை. அழவெல்லாம் இல்லை. ஜன்னலோரமாக நாற்காலியை நிறுத்திப் பூட்டிக்கொண்டு டிக்கெட் கேட்டேன். கண்டக்டர் மற்றவர்களுக்குக் கொடுப்பதைப் போலவே என் முகத்தைப் பார்க்காமல் கிழித்துக் கொடுத்தார். அந்த அலட்சியம் எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. கூடத்துக்குப் போய் அன்று நட்ட பற்கள் எல்லாம் ஒரு மாதிரி இளித்துக்கொண்டு நின்றன; முதலாளி பிடுங்கி மறுபடி வைக்கச் சொன்னார்.

இந்தச் சுகம் இரண்டு வாரம்கூட நிலைக்கவில்லை.

சாய்தளம் மடிந்து கிடக்கும் இடம் பேருந்திலேயே நல்ல இடம். இருக்கை கிடையாது, ஆட்டம் கிடையாது. முட்டைக்காரர் அதைக் கண்டுபிடித்துவிட்டார். அவர் எனக்கு முந்தைய நிறுத்தத்தில் ஏறுபவர். முட்டை அட்டைகளை இடுப்பு உயரத்துக்கு அடுக்கி, கயிறு கட்டி, இரண்டு கோபுரமாகக் கொண்டுவந்து பலகையின் மேல் நிறுத்திவிட்டுப் பக்கத்தில் காவலுக்கு நிற்பார். முதன்முதலாக அப்படி வைத்த அன்று என் நிறுத்தத்தில் கதவு திறந்ததும் கண்டக்டர் முட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"அண்ணே, கொஞ்சம் இதை எடுங்களேன்."

"எடுத்து எங்க வைக்கிறது? தலையிலயா? உடைஞ்சா யார் பதில் சொல்றது?" என்ற முட்டைக்காரர், சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு இறங்கி வந்தார். "பாப்பாவை நான் தூக்கிடறேன். என்ன கனம் இருந்துடப் போகுது?"

எவ்வளவு கனம் என்று அவருக்கு அன்று தெரிந்துவிட்டது. உட்கார வைத்துவிட்டு வெகுநேரம் மூச்சு வாங்கினார். மறுநாள் பயில்வானையும் சேர்த்துக்கொண்டார். பயில்வான் என்பது ஜிம்மில் பயிற்சி கொடுக்கும் ஒரு இளைஞன். கைகளை உடம்போடு ஒட்டித் தொங்கவிட முடியாத அளவுக்குச் சதை. என்னைத் தூக்கும்போது வாய்க்குள் எண்ணுவான்.

இப்படித்தான் அது வழக்கமாயிற்று. முட்டைக்காரர் அக்குளுக்குள் கை கொடுப்பார். பயில்வான் முழங்காலுக்குக் கீழே பிடிப்பான். முன்கதவு வழியாக ஏற்றுவார்கள். என் இரண்டு கையும் அவர்கள் கழுத்தில் இருப்பதால் மேலே ஏறிய துணியை இழுத்துவிட எனக்குக் கை மிச்சமிருக்காது. பின்னாலேயே யாராவது நாற்காலியை மடிக்கத் தெரியாமல் மடித்துத் தூக்கிப் போடுவார்கள். நாற்காலியின் கால்மிதி ஒன்று அப்படித்தான் உடைந்தது. இறங்கும்போதும் இதே ஊர்வலம். நடுவில் முட்டைகள் அசையாமல் நின்றுகொண்டிருக்கும். சில நாள் அடி அட்டையில் ஒன்றிரண்டு விரிந்து ஒழுகும். அதை யாரும் கவனித்ததில்லை. எல்லோரும் வேடிக்கை பார்ப்பதற்குத்தான் நான் இருந்தேனே.

முன் இருக்கையில் தினமும் ஒரு அம்மாள் வருவார். என்னை உள்ளே கொண்டுவரும்போதெல்லாம் தவறாமல் உச்சுக்கொட்டுவார். நான் மனதுக்குள் அவருக்கு உச்சம்மா என்று பெயர் வைத்திருந்தேன். அவருடைய மேல்வரிசைப் பல் செட் எங்கள் கூடத்தில் செய்தது. என் கைவேலை. அந்த உச்சு கடைசி இருக்கை வரைக்கும் தெளிவாகக் கேட்டதில் எனக்கும் பங்கு உண்டு.

ஒவ்வொரு நாளும் ஏறும்போதும் இறங்கும்போதும் எல்லோருக்கும் நன்றி சொல்வேன். வேறு யாரும் அந்தப் பேருந்தில் ஏறியதற்கு நன்றி சொல்லி நான் பார்த்ததில்லை. கண்டக்டரிடம் தனியாகச் சொல்லியும் பார்த்தேன்.

"அண்ணா, அந்தப் பலகையைத் திறந்து விட்டா நானே வந்துடுவேனே."

"திறக்கலாம்மா, யார் வேண்டாம்னா? ஆனா மனுஷங்க இவ்வளவு ஆசையா செய்யறப்ப, நடுவுல இரும்பை நீட்டினா நல்லாவா இருக்கும்?"

ஒரு வியாழக்கிழமை அவரே என் பக்கத்தில் வந்து நின்று குரலைத் தாழ்த்தினார்.

"தங்கச்சி, ஒரு விஷயம். இந்த வண்டியை எடுத்துடப் போறாங்க."

"ஏன்?"

"இந்த ரூட்ல ராம்பை, அதான் இந்தப் பலகையை, யாரும் உபயோகிக்கறதே இல்லையாமே. எங்க ஆபீஸ்ல பேசிக்கறாங்க. வேற ரூட்டுக்கு அனுப்பிட்டு இங்க பழைய வண்டியை விடுவாங்க. படி மூணு இருக்குமே, அது. அடுத்த புதன்கிழமை ஆபீசர் நேர்ல வந்து பாக்கறார். அவர் சொல்றதுதான் முடிவு."

பழைய வண்டியின் கதவு எனக்குத் தெரியும். நடுவில் ஒரு கம்பி. என் நாற்காலி மடித்தாலும் நுழையாது. நாற்காலி இல்லாமல் கூடத்தில் நான் அசைய முடியாது. மெழுகு ஒரு மேசை, வெந்நீர்த் தொட்டி ஒரு மேசை. முதலாளியோ ஏற்கெனவே சொல்லியிருந்தார்: "நீ வந்தா உனக்கு வேலை. வரலைன்னா வேற ஆள் பாக்கணும். பல்லு காத்துக்கிட்டு இருக்காது."

அன்று அண்ணன் வீட்டில் இருந்தான். விஷயத்தைச் சொன்னேன்.

"கழுதை, இதுக்கா மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்க? வீட்லயே உக்காந்து பல்லு கட்டேன்."

"அடுப்பு, பிளாஸ்டர், உரசுற மிஷின், எல்லாத்தையும் உன் ரூம்ல வச்சுக்கலாமா?"

"வேண்டாம்." கொஞ்சம் யோசித்தான். "இத்தனை நாள் தூக்கித்தானே கொண்டுபோனாங்க. கீழ போட்டுட்டா போனாங்க? எதுக்கு உனக்கு வம்பு?"

"நாளையிலேர்ந்து உன்னை ரெண்டு பேர் தூக்கி ஸ்டியரிங் முன்னாடி வைக்கட்டும். உன் லுங்கி எங்க இருக்குன்னு அப்ப பாக்கலாம்."

அவன் டிவி சத்தத்தைக் கூட்டினான்.

மறுநாளே முட்டைக்காரரிடம் பேசினேன். புதன்கிழமை அதிகாரி வருகிறார், அன்றைக்கு ஒருநாள் முட்டையை வேறு பக்கம் வையுங்கள், என்னைத் தூக்காதீர்கள், பலகை திறந்தால்தான் இந்த வண்டி நம் தடத்திலேயே இருக்கும் என்று பொறுமையாகச் சொன்னேன். அவர் கண்ணை மூடித் தலையை ஆட்டிக் கேட்டார்.

"அதெப்படி? ஆபீசர் முன்னாடி உன்னை ரோட்ல அப்படியே விட்டுட்டு நாங்க கையைக் கட்டிக்கிட்டு நிப்போமா? எங்களைப் பத்தி என்ன நினைப்பார்?"

"நல்லவங்கன்னு நினைப்பார். நான் பொறுப்பு."

"சரி சரி. நீ கவலையே படாத பாப்பா. அவர் அசந்து போற மாதிரி பண்ணிடலாம்."

அப்போதே நான் பயந்திருக்க வேண்டும். 'சரி சரி' என்ற இரண்டு வார்த்தையை நம்பிவிட்டேன்.

புதன்கிழமை நான் நிறுத்தத்துக்கு வந்தபோது அதிகாரி முன்பே வந்திருந்தார். இஸ்திரி கலையாத சட்டை, இடுப்பில் அகலமான பட்டை ஒன்று. நான் வணக்கம் சொன்னேன்.

"சார், இன்னைக்கு அந்தச் சாய்தளத்துலதான் ஏறப்போறேன்."

"பாக்கத்தானேம்மா வந்திருக்கேன்" என்றார். நல்ல குரல்.

பேருந்து வந்தது. நடுக்கதவு திறந்தது. முட்டைக் கோபுரங்கள் இரண்டும் வழக்கமான இடத்தில் நின்றுகொண்டிருந்தன. அவற்றின் பின்னாலிருந்து முட்டைக்காரர் இறங்கினார். புதுச் சட்டை, படிய வாரிய தலை. அவருக்குப் பின்னால் பயில்வான். பயில்வானுக்குப் பின்னால் அவனுடைய ஜிம்மிலிருந்து இன்னும் இரண்டு பயில்வான்கள். மூன்று பேரும் ஒரே நிறத்தில் பனியன். நான் வாயைத் திறப்பதற்குள் நாலு பேரும் நாற்காலியின் நாலு மூலையையும் பிடித்துவிட்டார்கள்.

"ஒண்ணு, ரெண்டு, ஏத்து!"

நான் நாற்காலியோடு ஆகாயத்தில் இருந்தேன். பேருந்தின் கூரை தெரிந்தது. அதன் மேல் யாரோ வீசிய ஒற்றைச் செருப்பு கிடந்தது. உள்ளேயிருந்து கைதட்டல் கேட்டது. உச்சம்மா ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, என்றுமில்லாத அளவுக்கு நீளமாக ஒரு உச்சு கொட்டினார்.

"அப்படியே நில்லுங்க, ஒரு நிமிஷம்!" அதிகாரி செல்பேசியை எடுத்துவிட்டார். "அம்மா, இந்தப் பக்கம். கொஞ்சம் சிரிங்க."

பயில்வான்களின் கழுத்து நரம்பு புடைத்தது. படம் எடுத்து முடித்த அதிகாரி கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நிஜமான கண்ணீர்.

"இவ்வளவு வருஷ சர்வீஸ்ல இப்படி ஒரு காட்சியை நான் பாத்ததில்லை. இங்க எதுக்குங்க ராம்ப்? மனசு இல்லாத இடத்துக்குத்தான் மிஷின் வேணும். இந்த வண்டியைத் தாராளமா வேற ரூட்டுக்கு அனுப்பலாம்."

முட்டைக்காரர் முகத்தில் வெட்கமும் பெருமையும் சேர்ந்து வந்தன. நாளைக்கு என்ன வண்டி வரும் என்பது அவருக்குத் தோன்றவே இல்லை. எனக்கு மூன்று படியும் நடுக்கம்பியும் கண்முன்னால் நின்றன.

"இறக்குங்க" என்றேன்.

"கூச்சப்படாத பாப்பா."

"இறக்குங்கன்னு சொன்னேன். நான் பாப்பா இல்ல, எனக்கு முப்பத்தாறு வயசு. என் தொடை மேல இருக்கிற கை யாருதோ, அதை முதல்ல எடுங்க. தூக்கணும்னு அவ்வளவு ஆசையா இருந்தா, போய் உங்க முட்டையைத் தூக்குங்க."

உச்சு வரவில்லை. என்னைக் கீழே வைத்தார்கள். நாலு மூலையும் நாலு நேரத்தில் தரையைத் தொட்டதில் என் முதுகெலும்பு பல்லைக் கடித்தது.

முட்டைக்காரர் கசங்கிய புதுச் சட்டையை நீவிவிட்டுக்கொண்டார். "இத்தனை நாள் தூக்கியிருக்கேன். ஒரு நாள் முகம் சுளிச்சிருப்பேனா? என் சொந்தத் தங்கச்சியைக்கூட நான் இப்படித் தூக்கினதில்ல."

"அவங்க தப்பிச்சாங்க" என்றேன்.

இதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். சொல்லிவிட்டேன்.

ஜன்னலிலிருந்து உச்சம்மா ஆரம்பித்தார். "பாவமேன்னு பாத்தா என்ன வாய் பாரு! காலுக்குக் கொடுக்க வேண்டியதையும் சேத்து ஆண்டவன் நாக்குலயே கொடுத்துட்டான்!"

"வாங்கடா" என்றான் பயில்வான். "இனிமே யாராவது இவங்களைத் தொட்டீங்க, அவ்வளவுதான்."

அதிகாரிக்கும் கோபம். கண்ணீர் வீணாகிவிட்ட கோபம். "நல்லது செய்யறவங்க மனசை இப்படியாம்மா நோகடிக்கறது?"

"தப்புதான் சார். நான் இப்ப எப்படி ஏறுறது? எட்டரைக்கு வேலைக்குப் போகணும்."

அவர் முட்டைக்காரரைப் பார்த்தார். முட்டைக்காரர் வானத்தைப் பார்த்தார். அடுத்து அதிகாரி பயில்வான்களைப் பார்த்தார். மூன்று பேரும் கையைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். சதை இடித்ததால் கை முழுசாகக் கட்ட வரவில்லை என்றாலும் நோக்கம் தெரிந்தது. அதிகாரி கடைசியாக என்னைத் தலை முதல் சக்கரம் வரை ஒருமுறை எடை போட்டார். யாரும் கேட்காமலே இடுப்புப் பட்டையைத் தட்டிக் காட்டி, "எனக்கு டிஸ்க் பிரச்சினை" என்றார்.

நான் நாற்காலியை நடுக்கதவுக்கு நேராகக் கொண்டுபோய் நிறுத்தினேன். ஓட்டுநர் ஹாரனை அழுத்திக்கொண்டே, "யாராவது ஏதாவது ஒண்ணு பண்ணுங்கய்யா! பின்னாடி ரெண்டு வண்டி நிக்குது!" என்று கத்தினார்.

"ராம்பைத் திறப்பா" என்றார் அதிகாரி.

"முட்டை இருக்கு சார்" என்றார் கண்டக்டர்.

"அதை எடுக்கச் சொல்லு!"

முட்டைக்காரர் உதவிக்கு ஒருவரையும் கூப்பிடவில்லை. உள்ளே ஏறி, ஒரு கோபுரத்தைத் தானே அணைத்துத் தூக்கி, உச்சம்மாவின் மடியில் வைத்தார். இன்னொன்றைத் தன் மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்க்காமல் உட்கார்ந்தார். கண்டக்டர் குனிந்து கொக்கியைப் பிடித்து இழுத்தார். பலகை வரவில்லை. காலை உதைத்து இழுத்தார். வரவில்லை. மூட்டு முழுவதும் மஞ்சளாக, கண்ணாடிபோல் ஏதோ இறுகிக் கிடந்தது. இத்தனை மாதம் ஒழுகிய மஞ்சள் கரு. பல்லை ஒட்ட எங்கள் கூடத்தில் வைத்திருக்கும் பசைகூட அப்படிப் பிடிக்காது.

கண்டக்டர் பயில்வானைப் பார்த்தார். "தம்பி, இது இரும்புதான். இதைத் தொடலாம் இல்ல?"

பயில்வான் கொஞ்சநேரம் கௌரவம் பார்த்தான். பிறகு வந்து, வாய்க்குள் எண்ணி, ஒரே இழுப்பு. பலகை அலறிக்கொண்டு பெயர்ந்து வெளியே விழுந்தது. அடியிலிருந்து கிளம்பிய அழுகல் நாற்றத்தில் அதிகாரி கைக்குட்டையை எடுத்தார். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நாலு தள்ளுத் தள்ளி ஏறினேன். யாரும் கைதட்டவில்லை. பழக்கதோஷத்தில் நன்றி என்று சொல்லிவிட்டேன். அதை வாங்கிக்கொள்ள ஆளில்லை.

அடுத்த வாரம் கண்டக்டர் பேருந்து முழுவதற்கும் கேட்கும்படி முடிவைச் சொன்னார்.

"வண்டி இங்கயே இருக்குமாம். ஆபீசர் என்ன சொல்லியிருக்கார் தெரியுமா? இந்த ரூட்ல பயணிகளுக்கு இரக்க குணம் கம்மி, ஊனமுற்றவங்களுக்கு ஒருத்தரும் கை கொடுக்கறதில்ல, அதனால ராம்ப் கட்டாயம் தேவையாம்."

எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். ஊரிலேயே இரக்கமில்லாத தடம் என்று பெயர் வாங்கியதில் முட்டைக்காரரின் முகம் சுருங்கிப்போயிற்று. பார்க்கவே பரிதாபமாக இருந்தது. என்னை அறியாமல் உச்சுக்கொட்டினேன்.

இப்போதெல்லாம் பலகை தினமும் திறக்கிறது. கண்டக்டர் எனக்குக் கேட்க வேண்டும் என்றே அதை ஓங்கிப் போடுவார். "வழி விடுங்க, வழி விடுங்க, மேடம் வர்றாங்க" என்பார். தங்கச்சி போய் மேடம் ஆகிவிட்டேன். முட்டை கடைசி இருக்கைக்குப் பின்னால் போய்விட்டது. குலுக்கலில் உடைவதெல்லாம் என் கணக்கில் சேர்கிறது. உச்சம்மா என்னைக் கண்டால் உச்சுக்குப் பதில் "திமிரு" என்கிறார். அந்த 'தி' கொஞ்சம் விசிலடிக்கிறது, செட்டைக் கொண்டுவந்தால் சரி செய்து தரலாம், நான் சொன்னால் வரமாட்டார். மழை பெய்த அன்று ஒருவரும் குடை பிடிக்கவில்லை. நனைந்துகொண்டே ஏறினேன். எட்டரைக்குக் கூடத்தில் இருந்தேன்.

போன திங்கட்கிழமை ஒரு புது ஆள் என் நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்தார். பேருந்துக்காகக் காத்திருந்த நேரம் முழுவதும் என்னையே ஒரு மாதிரி கனிவோடு பார்த்துக்கொண்டிருந்தார். வண்டி வந்து நின்றதும் பையைக் கீழே வைத்தார். சட்டைக் கையை மடித்துக்கொண்டு என் பக்கம் குனிந்தார்.

"நீங்க சிரமப்படாதீங்கம்மா, நான் தூக்கிடறேன்."

உள்ளேயிருந்து பேருந்து முழுவதும் ஒரே குரலாகக் கத்தியது. முட்டைக்காரர்தான் எல்லோரையும் விட உரக்க.

"யோவ், தொடாதய்யா! கடிச்சிடும்!"

அந்த ஆள் பதறிப்போய் இரண்டடி பின்னால் நகர்ந்தார். பலகை டமாரென்று விழுந்தது. நான் ஏறினேன்.